ஒரு விலாசத்தில் எத்தனை பேர்?

கேமரன் மலைத் தோட்டங்களில் கடிதம் லயத்து வாசலுக்கு வந்து பழக்கமில்லை. தோட்ட ஆபிசுக்குத்தான் வரும். உறையின்மேல் ஒரு பெயர், அதன் கீழ் தோட்டத்தின் பெயர், அப்புறம் 39200 ரிங்லெட், பகாங். எத்தனை லயம் இருந்தாலும், எத்தனை குடும்பம் இருந்தாலும் தபால்காரருக்கு விலாசம் ஒன்றுதான். வந்த கட்டைப் பிரித்து ஆளுக்கு ஆள் கொடுத்தனுப்புவது தோட்டத்துக் கணக்கரான கிராணியின் வேலை. தோட்டத்தில் இரண்டு முனியம்மா இருந்தால், எந்த முனியம்மாவுக்கு ஊரிலிருந்து அண்ணன் எழுதியிருப்பான் என்பது கிராணிக்குத் தெரியும். தபால் இலாகாவுக்குத் தெரியாது; தெரிந்துகொள்ளவேண்டிய அவசியமும் அதற்கு இல்லை.

அப்படி ஒரு லயத்தில் இன்றைய ஒரு சாயங்காலத்தை எண்ணிப் பார்க்கலாம். மூடுபனி இறங்கிவிட்டது. வாசல் தாழ்வாரமான அஞ்சடியில் மூன்று பையன்கள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள். அண்ணனின் கைப்பேசியில் மட்டும்தான் டேட்டா இருக்கிறது. அவன் ஹாட்ஸ்பாட்டைத் திறந்துவிட, தம்பியும் பக்கத்து வீட்டுப் பையனும் அதில் ஒட்டிக்கொண்டார்கள். மூவரும் ஆடுவது மொபைல் லெஜண்ட்ஸ். ஐந்து பேர் ஐந்து பேராக மோதும் அந்த ஆட்டத்துக்கு மலேசியாவில் இருக்கும் மவுசை விளக்கத் தேவையில்லை. அதன் முதல் உலகப் போட்டி 2019 நவம்பரில் கோலாலம்பூரில்தான் நடந்தது. (இந்த மூன்று பையன்களும் கட்டுரைக்காக உட்காரவைக்கப்பட்டவர்கள். ஆனால் அவர்களைப்போல நிஜத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்குப் பஞ்சமில்லை.)

எங்கோ இருக்கும் ஆட்ட நிறுவனத்தின் சர்வருக்கு இந்த மூன்று கணக்குகளும் ஒரே ஐபி முகவரியிலிருந்து வருகின்றன. மூன்று பையன்களா, மூன்று கணக்கு வைத்திருக்கும் ஒரே பையனா? உறையில் இருப்பதோ தோட்டத்தின் பெயர் மட்டும். கிராணியைக் கேட்கவும் வழியில்லை.

விலாசம் இப்படிச் சுருங்கிப்போனதற்குக் காரணம் பழையது. 1981-இல் இணையத்தின் முகவரி முறையை வகுத்தவர்கள் ஒரு முகவரிக்கு 32 பிட் ஒதுக்கினார்கள். மொத்தம் 430 கோடிக்குச் சற்றுக் குறைவான எண்கள். பல்கலைக்கழகங்களும் ராணுவமும் மட்டும் பேசிக்கொண்டிருந்த காலத்தில் அது அள்ள அள்ளக் குறையாத கிணறாகத் தெரிந்தது. 2011 பிப்ரவரி 3 அன்று உலகப் பொதுக் கையிருப்பின் கடைசித் தொகுதிகள் பகிர்ந்து கொடுக்கப்பட்டன. அதே ஆண்டு ஏப்ரல் 15 அன்று ஆசிய பசிபிக் வட்டாரத்தின் பதிவகமும் தன் கடைசிப் பானைக்கு வந்துவிட்டது. இருப்பதைச் சிக்கனமாகச் செலவழிக்கும் வழி 1994-லேயே எழுதி வைக்கப்பட்டிருந்தது. அதற்கு முகவரி மாற்றம் என்று பெயர். தொழிலில் இருப்பவர்கள் நேட் என்பார்கள்.

நேட் செய்வது கிராணி செய்யும் அதே வேலை. வீட்டு மோடம் (அஞ்சடியில் அண்ணனின் கைப்பேசிதான் மோடம்) உள்ளே இருக்கும் ஒவ்வொரு கருவிக்கும் 192.168 என்று தொடங்கும் ஓர் உள்ளூர் எண்ணைக் கொடுக்கிறது. அந்த எண் லயத்து எண்ணைப்போல, வெளியுலகில் செல்லாது. தம்பியின் கைப்பேசி சர்வருக்கு ஒன்றை அனுப்பும்போது மோடம் அனுப்புநர் இடத்தில் தன் எண்ணைப் போட்டு, கூடவே ஒரு வாசல் எண்ணையும் எழுதிவிடுகிறது, 51514 என்பதுபோல. தன் குறிப்பேட்டிலும் ஒரு வரி சேர்த்துக்கொள்கிறது: 51514-க்குப் பதில் வந்தால் தம்பிக்கு. இப்படி வைத்துக்கொள்ளக்கூடிய வாசல்கள் 65,536. ஒரு கைப்பேசிக்குச் சில நூறு வாசல் போதும் என்பதால் ஒரு முகவரியின் பின்னால் ஒரு கூட்டத்தையே உட்காரவைக்கலாம்.

கூட்டத்தை உட்காரவைத்தது தொலைத்தொடர்பு நிறுவனங்கள். வீட்டுக்கு ஒரு கிராணி இருந்ததுபோய், ஊருக்கே ஒரு பெரிய கிராணியை வைத்தார்கள். அவருக்கென்று 2012 ஏப்ரலில் தனியாக ஓர் எண் வரிசையும் ஒதுக்கப்பட்டது: 100.64 முதல் 100.127 வரை, சுமார் 42 லட்சம் எண்கள். இதைக் கண்ணால் பார்க்கலாம். சிம் போட்ட மோடத்தின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, வெளி முகவரி என்ற இடத்தில் 100-க்கு அடுத்த எண் 64-க்கும் 127-க்கும் இடையில் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். இருந்தால், அந்த வீடு இரண்டு கிராணிகளைத் தாண்டித்தான் உலகத்தைப் பார்க்கிறது. பிரிஞ்சாங்கில் ஒருவர், தாப்பாவில் ஒருவர், ஈப்போவில் ஒரு கல்லூரி மாணவி, மூவரும் ஒரே நிமிடத்தில் ஒரே எண்ணோடு ஒரே ஆட்டத்துக்குள் நுழையலாம். ஒருவரை ஒருவர் அவர்கள் பார்த்திருக்கக்கூட மாட்டார்கள்.

ஆட்டத் தளங்கள் இதைப்பற்றி ஏன் இவ்வளவு கவலைப்படவேண்டும்? காசு. புதுக் கணக்குக்கு வரவேற்புப் பரிசு உண்டு. நண்பரைச் சேர்த்தால் இன்னொரு பரிசு. பத்துக் கணக்கு திறக்கிறவன் பத்துப் பரிசை வாங்கி ஒரே இடத்தில் கொட்டிக்கொள்வான். சீட்டு மேசையில் ஒருவனே இரண்டு கை பிடித்தால் மூன்றாமவன் கதி அதோகதி. தடை செய்யப்பட்டவன் வேறு பெயரில் திரும்பி வருவது ஒரு பக்கம். தேர்ந்த ஆட்டக்காரன் புதுக் கணக்கில் நுழைந்து கற்றுக்குட்டிகளை அடித்து மகிழ்வது இன்னொரு பக்கம். பின்னதற்கு ஆட்டக்காரர்கள் வைத்த பெயர் ஸ்மர்ஃப்.

தோட்டத்துக்கு இது புதிய கதையும் இல்லை. ஜே. ஏ. ரஸ்ஸல் 1929-இல் இங்கே போ தோட்டத்தைத் தொடங்கியபோது மலாயாவில் கங்காணியே ஆள் திரட்டி மேற்பார்க்கும் கங்காணி முறை நடப்பில் இருந்தது. 1938-இல் இந்திய அரசு கூலியாட்களை அனுப்புவதை நிறுத்திய பிறகுதான் அது அடங்கியது. பெயர் கூப்பிட்டு ஆள் எண்ணும் காலைப் பெரட்டில் எத்தனை பேர் வேலைக்கு வந்தார்களோ அத்தனை தலைக்கும் கங்காணிக்குத் தலைக்காசு. பேரேட்டில் ஒரு பெயர் கூடினால் காசும் கூடும் என்ற ஏற்பாட்டில், ஆளில்லாப் பெயருக்கு ஆசை எப்போதும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். அதற்குத் தோட்டம் கண்ட மருந்து எளிமையானது. பெயரைக் கூப்பிட்டால் ஆள் முன்னால் வந்து நிற்கவேண்டும். இணையத்தில் அந்த மருந்து இல்லை. குரல் வருகிறது, ஆள் வருவதில்லை.

இந்த நோய்க்குக் கணினி அறிவியல் பெயர் வைத்தது 2002-இல். மைக்ரோசாப்ட் ஆய்வுக்கூடத்தின் ஜான் டூசர், ஒரே ஆள் பல அடையாளங்களோடு ஒரு வலையமைப்புக்குள் புகுந்துகொள்வதை சிபில் தாக்குதல் என்று அழைத்தார். பல ஆளுமைகளோடு வாழ்ந்ததாகச் சொல்லப்பட்ட ஒரு பெண்ணைப் பற்றி 1973-இல் வந்த நூலின் தலைப்பு அது. அடையாளத்தைச் சான்றுறுதி செய்யும் ஒரு மைய அதிகாரம் இல்லாதவரை இத்தாக்குதலை நடைமுறையில் முற்றாகத் தடுக்க வழியில்லை என்பது அவர் முடிவு. தோட்டத்து மேலாளரான துரை களத்துக்கு வராமல் பெரட்டு நடக்காது என்பதைத்தான் அவர் கணிதத்தில் சொன்னார் என்று எடுத்துக்கொள்ளலாம்.

சீட்டு உலகில் இதன் பெரிய வழக்கு 2007-இல் நடந்தது. போக்கர்ஸ்டார்ஸ் தளத்தின் இணைய உலகப் போட்டியில் முதன்மைச் சுற்றை வென்ற கணக்குக்கு 12 லட்சம் டாலருக்கு மேல் பரிசு விழுந்தது. கணக்கு ஒரு பெண்ணின் பெயரில் இருந்தது. அவருடைய சகோதரர் பெயர்பெற்ற சீட்டாட்டக்காரர். ஆடியது கணக்குக்கு உரியவர்தானா என்ற ஐயம் கிளம்ப, தளம் விசாரித்து வெற்றியைச் செல்லாததாக்கி, பரிசை அடுத்தடுத்தவர்களுக்கு நகர்த்திக் கொடுத்தது. வழக்கு ஐல் ஆஃப் மேன் நீதிமன்றம்வரை போய், பிறகு திரும்பப் பெறப்பட்டது. ஒரு குடும்பம், இரண்டு ஆட்டக்காரர்கள், யார் கை எது என்ற கேள்வி. அஞ்சடிப் பையன்களின் கேள்வியேதான், பூஜ்யங்கள் மட்டும் கூடுதல்.

கண்டுபிடிக்கும் கருவிகளில் மிக மலிவானது முகவரியை ஒப்பிடுவது. அதைத் தாண்டியவுடன் விஷயம் சுவாரஸ்யமாகிறது.

2002-லேயே ஏடி அண்ட் டி ஆய்வுக்கூடத்தில் ஸ்டீவன் பெல்லோவின் ஒரு வேடிக்கை செய்து காட்டினார். கணினி அனுப்பும் ஒவ்வொரு டேட்டா பொட்டலத்திலும் அடையாள எண் என்று ஒரு சிறு கட்டம் உண்டு. அந்தக் காலத்துக் கணினிகள் பல அதை ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக ஏற்றிக்கொண்டே போகும். நேட் முகவரியை மாற்றும். இந்த எண்ணைத் தொடாது. ஆகவே வெளியில் இருந்து பொட்டலங்களைச் சேகரித்து, நேரத்தை ஒரு பக்கமும் இந்த எண்ணை இன்னொரு பக்கமும் வைத்து வரைந்தால், ஒவ்வொரு கணினியும் தனித்தனிக் கோடாக மேலே ஏறும். கொழுந்தெடுக்கிறவர்கள் ஆளுக்கொரு நிரை பிடித்து மலையேறுவதுபோல இருக்கும். கோடுகளை எண்ணினால் கணினிகளை எண்ணியதாகிவிடும்.

மூன்று ஆண்டு கழித்து டடயோஷி கோனோவும் இரு கூட்டாளிகளும் இன்னும் நுணுக்கமான ஒன்றைப் பிடித்தார்கள். எந்த இரண்டு கடிகாரமும் அச்சாக ஒரே வேகத்தில் ஓடாது. கணினிக்குள் இருக்கும் படிகக் கடிகாரம் நொடிக்கு மைக்ரோ நொடிக் கணக்கில் முந்தும் அல்லது பிந்தும். அந்தப் பிசகு அந்தக் கருவிக்கே உரியது, நாள்பட்டும் பெரிதாக மாறாது. பொட்டலங்களில் ஒட்டி வரும் நேரக் குறிப்புகளை வைத்து, ஆயிரக்கணக்கான மைல் தள்ளி இருந்துகொண்டே, நேட்டுக்குப் பின்னால் இருக்கும் கருவிகளை இந்தப் பிசகால் பிரித்தறியலாம் என்று 2005-இல் அவர்கள் காட்டினார்கள். பின்னால் வந்த இயங்குதளங்கள் இந்த எண்களைக் கலைத்துப் போடக் கற்றுக்கொண்டன. பெல்லோவின் கண்ட நிரைகள் இன்று அவ்வளவு சுத்தமாகத் தெரிவதில்லை.

இதே குடும்பத்தைச் சேர்ந்த ஒரு சிறு தந்திரம் தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்கு உண்டு. கைப்பேசி அனுப்பும் பொட்டலம் பெரும்பாலும் 64 என்ற ஆயுள் எண்ணோடு கிளம்பும். இடையில் ஒரு கை மாறினால் ஒன்று குறையும். ஹாட்ஸ்பாட் வழியாக வந்த தம்பியின் பொட்டலம் அண்ணன் கைப்பேசியைத் தாண்டும்போதே 63 ஆகிவிடுகிறது. அளவில்லா டேட்டா என்று விற்றுவிட்டு ஹாட்ஸ்பாட்டுக்கு மட்டும் தனி அளவு வைக்கும் திட்டங்களுக்கு, பகிர்வை மோப்பம் பிடிக்க உதவும் வழிகளில் இதுவும் ஒன்று. பங்கு போட்டுக்கொள்வதை மலேசியத் தமிழர் கொங்சி என்பார்கள். கொங்சிக்கு ஓர் எண் குறைகிறது, அவ்வளவுதான்.

இன்று தளங்கள் அதிகம் நம்புவது கருவியின் கைரேகையை. திரையின் அகலம், மொழி, நேர மண்டலம், எழுத்துருக்கள், ஒரு படத்தை வரையச் சொன்னால் அந்தக் கருவி வரையும் விதம் என்று சின்னச் சின்னத் தகவல்களை ஒன்றுசேர்த்து ஓர் அடையாளம் செய்கிறார்கள். 2010-இல் எலக்ட்ரானிக் ஃபிரண்டியர் ஃபவுண்டேஷனின் பீட்டர் எக்கர்ஸ்லி 4,70,161 உலாவிகளைச் சோதித்தபோது 83.6 விழுக்காடு வேறெதனோடும் ஒத்துப்போகாமல் தனித்து நின்றன. அந்த எண்ணைக் கேட்டுத்தான் தொழில் உலகம் துள்ளியது. ஆனால் எட்டு ஆண்டு கழித்து பிரெஞ்சு ஆய்வாளர்கள் ஒரு பொதுத் தளத்துக்கு வந்த 20 லட்சத்துக்கும் மேற்பட்ட கைரேகைகளை ஆராய்ந்தபோது தனித்து நின்றவை 33.6 விழுக்காடுதான். கைப்பேசிகளை மட்டும் எடுத்தால் 18.5.

அந்த 18.5-க்கு வெளியே நின்றுதான் தோட்டத்துப் பையன்கள் மாட்டுகிறார்கள். முதல் ஆய்வுக்கு வந்தவர்கள் தங்கள் கணினியைத் தாங்களே அலங்கரித்துக்கொண்ட ஆர்வலர்கள். ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு இணைப்பு. லயத்தில் அப்படி இல்லை. ஒரு கடையில் ஒரு மாடல் மலிவாகக் கிடைத்தால் அண்ணனுக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று, அதைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்கு ஒன்று. அதே திரை, அதே சில்லு, அதே ஆண்ட்ராய்டு பதிப்பு, அதே கோலாலம்பூர் நேரம். மூன்று கைப்பேசியும் ஒரே கைரேகையைக் காட்டும். ஒரே முகவரி, ஒரே கைரேகை. பகாங்கில் ஒரு மோசடிக்காரன் என்று எண்ண ஒரு தானியங்கி முறைக்கு இதற்குமேல் என்ன வேண்டும்?

செயலி என்றால் கைரேகையோடு நிற்கவேண்டியதில்லை, கருவியின் எண்ணையே கேட்கலாமே என்று தோன்றும். கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். ஆப்பிள் 2013 மே மாதம் முதல் கருவியின் நிரந்தர எண்ணைப் படிக்கும் செயலிகளை ஏற்பதை நிறுத்தியது. ஆண்ட்ராய்டு 2017-இல், எட்டாம் பதிப்பில், ஒவ்வொரு செயலித் தயாரிப்பாளருக்கும் வேறு வேறு எண் தெரியும்படி மாற்றிவிட்டது. அந்தரங்கத்துக்கு நல்லது, கள்ளக் கணக்கைத் தேடுகிறவர்களுக்குத் தலைவலி. இரண்டுக்கும் நடுவில் ஆப்பிள் அதே 2017-இல் ஓர் அழகான சமரசம் செய்தது. ஒவ்வொரு கருவிக்கும் ஒரு தயாரிப்பாளர் இரண்டே இரண்டு பிட்டுகளை ஆப்பிளிடம் எழுதி வைக்கலாம். ஆளும் தெரியாது, எண்ணும் தெரியாது. "இந்தக் கைப்பேசி வரவேற்புப் பரிசை வாங்கிவிட்டது" என்று ஒரு டிக் போடலாம். செயலியை அழித்தாலும் டிக் அழியாது, கைப்பேசியைத் துடைத்துப் புதிதாக்கினாலும் அழியாது.

கைப்பேசி கைமாறினால்? அண்ணன் பழையதைத் தம்பியிடம் தள்ளிவிட்டுப் புதிது வாங்கினால், தம்பி முதல்முறையாக ஆட்டத்தைத் திறக்கும்போதே பரிசு வாங்கியவனாகப் பதிந்திருப்பான். விற்கப்பட்ட கருவிக்கு டிக்கை எப்போது எடுப்பது என்பதைத் தயாரிப்பாளரே முடிவு செய்துகொள்ளவேண்டும் என்று ஆப்பிள் விட்டுவிட்டது. சட்டையும் செருப்பும் சைக்கிளும் மூத்தவனிடமிருந்து இளையவனுக்கு இறங்கும் வீடுகளை இந்த இரண்டு பிட்டுகளில் அடக்குவது சிரமம்.

கருவி ஒன்றே என்று தெரிந்தாலும் ஆள் ஒன்றே என்று ஆகிவிடாது. 2020-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து பள்ளிகள் மூடியபோது மலேசியக் கல்வி அமைச்சு எடுத்த கணக்கில், 36.9 விழுக்காடு மாணவர்களிடம் எந்தக் கருவியுமே இல்லை. ஆட்டத்துக்கும் பாடத்துக்கும் வீட்டில் ஒரே கைப்பேசி என்றால் அது முறை வைத்துச் சுற்றும். காலையில் அக்காவுக்கு, மத்தியானம் தம்பிக்கு, அப்பா வேலை முடிந்து வந்தபின் அவருக்கு. சர்வரின் பார்வையில் இது எப்படித் தெரியும்? ஒரே கருவியில் மூன்று கணக்குகள். ஒருபோதும் ஒரே நேரத்தில் உள்ளே இருப்பதில்லை. ஒன்று வெளியேறியதும் மற்றொன்று நுழைகிறது. பல கணக்கு வைத்திருப்பவனின் அங்கலட்சணமும் அச்சு அசல் இதுதான்.

ஆகவே கொஞ்சம் புத்தியுள்ள முறைகள், கணக்கு எங்கிருந்து வருகிறது என்பதைவிட்டுக் கணக்குகள் ஒன்றோடொன்று என்ன செய்துகொள்கின்றன என்பதைப் பார்க்கத் தொடங்கின. மோசடிக்காரனின் இரண்டாவது கணக்குக்கு வாழ்க்கை கிடையாது. அது முதல் கணக்குக்கு உழைக்கப் பிறந்தது. தங்கம், சீட்டுக்காசு, ஆயுதம் எல்லாம் ஒரே திசையில் ஓடும். அதன் தோல்விகள் எல்லாம் ஒரே ஆளிடம் நேரும். அதற்கு வேறு நண்பர்கள் இருக்கமாட்டார்கள். உண்மையான தம்பி அப்படி இல்லை. அண்ணனுக்கு அவன் எதையும் சும்மா கொடுக்கமாட்டான். பள்ளிக்கூட நண்பர்களோடு தனிக் குழு வைத்திருப்பான். அண்ணனைவிட மோசமாகவோ, அண்ணனுக்கு எரிச்சலூட்டும் அளவுக்கு நன்றாகவோ ஆடுவான். திரையைத் தட்டும் வேகம், பிடித்த வீரன், தோற்றபின் ஆட்டத்தை விட்டோடும் பழக்கம் என்று ஒவ்வொன்றும் ஆளுக்கு ஆள் மாறும். உடன்பிறந்தோர் சண்டை போட்டுக்கொள்வதே அவர்கள் இருவர் என்பதற்கான நல்ல சாட்சி.

வால்வ் நிறுவனம் 2023 செப்டம்பரில் டோட்டா 2 ஆட்டத்தில் 90,000 ஸ்மர்ஃப் கணக்குகளை ஒரே மூச்சில் தடை செய்தது. ஒவ்வொன்றையும் அதன் மூலக் கணக்குவரை தேடிப் பிடித்ததாக அது அறிவித்தது. எப்படி என்று சொல்லவில்லை. இந்தத் தொழிலில் யாரும் முழுதாகச் சொல்வதில்லை. சொன்னால் மறுநாளே மாற்றுவழி விற்பனைக்கு வந்துவிடும். லிசெஸ் என்ற சதுரங்கத் தளம் கொஞ்சம் விதிவிலக்கு. அதன் மூல நிரல் எல்லாருக்கும் திறந்திருக்கிறது. ஒரு கணக்கை ஐயத்தின்பேரில் திறக்கும் நடுவருக்கு, அதே முகவரியிலும் அதே கைரேகையிலும் வந்த மற்றக் கணக்குகள் பக்கத்தில் வரிசையாக வந்து நிற்கும். தீர்ப்பு மனிதர் கையில்.

முகவரியை மட்டும் நம்பித் தீர்ப்பளித்தால் என்ன ஆகும் என்பதற்கு விளையாட்டுக்கு வெளியே ஒரு நல்ல உதாரணம் உண்டு. 2006-இன் கடைசி நாளில் விக்கிப்பீடியா, குப்பை சேர்க்கிற ஒரு முகவரியைத் தடுத்தது. கத்தார் நாடே அந்த ஒரு முகவரியின் வழியாகத்தான் வெளியே வந்துகொண்டிருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. பெயர் பதியாமல் திருத்த ஏறக்குறைய அரை நாளுக்கு அங்கே யாராலும் முடியவில்லை. காவல்துறைக்கும் இதே அவஸ்தை. ஒரே முகவரியின் பின்னால் குற்றவாளியும் அப்பாவிகளும் சேர்ந்து நிற்பதைப் பற்றி 2017 அக்டோபரில் யூரோபோல் பகிரங்கமாகவே புலம்பியது. 2025 அக்டோபரில் கிளவுட்ஃபிளேர் ஆய்வாளர்கள் வெளியிட்ட கணக்குப்படி, பெரிய கிராணிகளின் பின்னால் இருக்கும் பகிர்வு முகவரிகள் மற்றவற்றைவிட மூன்று மடங்கு அதிகமாக வேகக் கட்டுப்பாட்டுக்கு உள்ளாகின்றன. அங்கிருந்து வரும் எந்திரப் போக்குவரத்து ஒன்றும் கூடுதல் இல்லை. ஆள் நெருக்கம்தான் குற்றமாகத் தெரிகிறது. முகவரிகளைத் தாராளமாக வாங்கி வைத்த நாடுகளில் ஒரு வீட்டுக்கு ஒன்று கிடைக்கிறது. பின்னால் வந்த நாடுகள் நெருக்கியடித்து உட்காருகின்றன. சந்தேகமும் அந்த விகிதத்தில்தான் பங்கிடப்படுகிறது.

தொலைபேசி எண்ணைக் கேட்டு இதைத் தீர்க்கப் பார்த்ததும் உண்டு. டோட்டா 2 தரவரிசை ஆட்டத்துக்கு 2017-இல் கணக்கோடு ஒரு தொலைபேசி எண்ணைக் கட்டாயமாக்கியது. 2022 அக்டோபரில் ஓவர்வாட்ச் 2 இன்னும் ஒரு படி மேலே போய், முன்கட்டண எண்கள் சிலவற்றை ஏற்கவே மறுத்தது. முன்கட்டணம் என்றால் இலகுவாக வாங்கித் தூக்கிப்போடும் எண் என்று அமெரிக்காவில் இருந்து யோசித்தவர்களின் கணக்கு அது. அமெரிக்காவிலேயே கூச்சல் கிளம்பி, சில நாட்களில் பழைய ஆட்டக்காரர்களில் பெரும்பாலோருக்கு அந்த விதியை ஆட்டத்தின் நிறுவனமான பிலிசார்ட் விலக்கிக்கொண்டது. முன்கட்டண சிம்தான் சாதாரண சிம் என்றிருக்கும் மலேசியாவில் அந்த யோசனையே விநோதம். 2006 முதல் இங்கே முன்கட்டண எண்ணும் அடையாள அட்டையோடு பதிவாகிறது. ஆனால் பள்ளிப் பிள்ளையின் சிம் அப்பாவின் மைகாட் அடையாள அட்டையில் இருப்பதே வழக்கம். அட்டையைக் கேட்டால் மூன்று பிள்ளைகளும் ஒரே அப்பாவாக ஆகிவிடுவார்கள்.

அடையாள அட்டை வழியை முழுதாகப் பிடித்துப் பார்த்த இடம் தமிழ்நாடு. பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளுக்கு 2025 பிப்ரவரியில் அங்கே வந்த ஒழுங்குமுறைகள் ஆதார் எண்ணையும் அதற்கு வரும் கடவுக்குறியையும் கட்டாயமாக்கின. நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆடவும் தடை. நிறுவனங்கள் நீதிமன்றம் போயின. ஜூன் 3 அன்று சென்னை உயர் நீதிமன்றம் ஒழுங்குமுறைகள் செல்லும் என்று தீர்ப்பளித்தது. மூன்று மாதம் போவதற்குள், ஆகஸ்டில், நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளையே நாடு முழுதும் தடைசெய்து சட்டம் இயற்றிவிட்டது. டூசர் சொன்ன மைய அதிகாரம் களத்தில் இறங்கிய கையோடு களமே மூடப்பட்டது. பணம் புழங்கும் ஆட்டத்துக்கு ஆதார் கேட்பதில் நியாயம் உண்டு. காசில்லாமல் ஆடும் பதின்மூன்று வயதுப் பையனிடம் கேட்டால் அது அளவு மீறியதாகத்தான் படும். இன்றைய கேமரன் லயங்களில் தமிழர்களோடு நேப்பாளிகளும் வங்காளதேசிகளும் இந்தோனேசியர்களும் இருக்கிறார்கள். மைகாட் இல்லாதவர்கள் அவர்கள்.

இதற்கெல்லாம் முன்பே, யாரும் பெரிதாகக் கவனிக்காத இடத்தில், ஒரு நாகரிகமான வழி நடப்பில் இருந்தது. 2000-களின் தொடக்கத்தில் ஜெர்மனியிலிருந்து உலாவியில் ஆடும் போர் ஆட்டங்கள் கிளம்பின. 2002-இல் ஓகேம், 2003-இல் டிரைபல் வார்ஸ். விடுதி மாணவர்களும், ஒரே கணினியைப் பங்குபோட்ட அண்ணன் தம்பிகளும் இவற்றில் குவிந்தார்கள். டிரைபல் வார்ஸ் அவர்களைத் துரத்தவில்லை. இணைப்பைப் பகிர்ந்துகொள்கிறோம் என்று அறிவிக்க அமைப்புப் பக்கத்திலேயே ஓர் இடம் வைத்தது. அறிவித்தவர்கள் ஆடலாம், ஒருவருக்கொருவர் ஆட்டத்தில் உதவிக்கொள்வதற்கு மட்டும் வரம்பு. ஓகேமும் ஒரே முகவரிக்காரர்களின் கப்பல்கள் தங்களுக்குள் சந்தித்துக்கொள்ளக் கூடாது என்ற வழியில் போனது. விதியின் சாரம் இவ்வளவுதான்: நீங்கள் இரண்டு பேரா என்று நான் நிரூபிக்கச் சொல்லவில்லை, ஒருவரே என்றாலும் அதனால் லாபம் வராதபடி பார்த்துக்கொள்கிறேன். தலைக்காசை நிறுத்திவிட்டால் பொய்ப் பெயருக்கு வேலை இல்லை என்று கண்டுகொண்ட துரையின் விதி.

பெரிய நிறுவனங்கள் இப்போதுதான் அந்தப் பக்கம் திரும்புகின்றன. 2024 செப்டம்பரில் வால்வ் தன் ஸ்டீம் தளத்தில் ஒரே வீட்டைச் சேர்ந்த ஆறு பேர்வரை ஒரு குடும்பமாகப் பதிவு செய்ய வழி செய்தது. கூடவே ஒரு கிடுக்கிப்பிடி: உங்கள் பிரதியில் தம்பி கள்ளாட்டம் ஆடிப் பிடிபட்டால் அந்த ஆட்டத்தில் உங்களுக்கும் தடை. கிராமத்துப் பஞ்சாயத்தில் பிள்ளை செய்த தப்புக்கு அப்பன் அபராதம் கட்டுவதுபோல. கடுமைதான். ஆனாலும், வீடு என்று ஒன்று இருக்கிறது, அதில் பலர் இருப்பார்கள் என்பதையாவது அது ஒப்புக்கொள்கிறது.

முகவரித் தட்டுப்பாடே தீர்ந்துவிட்டால் இந்தத் தொல்லை ஒழியாதா? ஐபிவி6 என்ற புதிய முறையில் முகவரிக்கு 128 பிட். தீர்ந்துபோகும் என்ற பேச்சுக்கே இடமில்லை. மலேசியாவின் கைப்பேசி வலையமைப்புகள் அதற்கு மாறுவதில் பின்தங்கியும் இல்லை. புதிய முறையில் பெரிய கிராணி தேவையில்லை. ஒவ்வொரு கைப்பேசிக்கும் முதல் 64 பிட்டுகள் அதற்கே உரியதாக வருகின்றன. மீதி 64-ஐ அந்தரங்கம் கருதிக் கைப்பேசி அடிக்கடி தானே மாற்றிக்கொள்வதால், ஆட்டத் தளங்கள் முன்பாதியை மட்டும் எடுத்து அதை ஒரு வீடு என்று வைத்துக்கொள்கின்றன.

ஹாட்ஸ்பாட்டைத் திறந்தால் அதே முன்பாதிதான் தம்பிக்கும் போகிறது, பக்கத்து வீட்டுப் பையனுக்கும் போகிறது. அஞ்சடியில் மூவரும் மறுபடி ஒரே விலாசம். அண்ணனுக்கு விடிந்தால் பெரட்டு. அவன் கைப்பேசியை எடுத்துக்கொண்டு உள்ளே படுக்கப் போனதும், சுவர் தடுத்து, மற்ற இருவரின் ஆட்டமும் பாதியில் அறுகிறது. சர்வரில் மூன்று கணக்குகள் ஒரே நொடியில் வெளியேறியதாக ஒரு வரி பதிவாகிறது.